ஆயர் இல்லாத நாள்கள்

கமுந்திங்கிலிருந்து சில கல் தொலைவில் உள்ள தைப்பிங் நகரில், மரத்தால் எழுப்பப்பட்ட பழைய தேவாலயம் ஒன்று இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. சகல பரிசுத்தவான்கள் ஆலயம் என்பது அதன் பெயர். 1886ஆம் ஆண்டில் கட்டப்பெற்று, 1887இல் பேராயர் ஜார்ஜ் பிரடெரிக் ஹோஸ் என்பவரால் நேர்ந்தளிக்கப்பட்ட இவ்வாலயம், பின்னாளில் கூட்டு மலாய் மாநிலங்கள் என வழங்கப்பட்ட நிலப்பரப்பின் முதல் ஆங்கிலிக்கத் தேவாலயம் எனப் பெருமை பெற்றது. அதற்கு ஓராண்டு முன்னர்தான், 1885 ஜூன் திங்களில், தைப்பிங்கையும் போர்ட் வெல்ட் துறைமுகத்தையும் இணைத்து இந்நாட்டின் முதல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. ஈயம் தேடிச் சீனர் வந்த கிளியான் பாருதான் பின்னர்க் கமுந்திங் ஆயிற்று. இருப்புப் பாதைக்கும் தோட்டத்திற்கும் தமிழர் வந்தனர். வந்த தமிழருள் ஒரு பகுதியினர் கிறித்தவர்.

குடியேற்றக் காலத்துத் தேவாலயங்கள் பலவற்றில் ஒரு பெயர்ப்பலகையைக் காணலாம். அவ்வாலயத்தில் பணியாற்றிய குருமாரின் பெயர்களும், வந்த ஆண்டும் சென்ற ஆண்டும் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வரலாறு பயில்வோர் பெயர்களைப் படிப்பர், ஆண்டுகளைக் குறித்துக்கொள்வர். ஆனால் ஒருவர் சென்ற ஆண்டுக்கும் அடுத்தவர் வந்த ஆண்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைப் படிப்போர் சிலரே. அவ்வெற்றிடத்தில் ஆலயம் பூட்டிக் கிடந்ததா? குழந்தைகள் பிறக்கவில்லையா? முதியோர் மறையவில்லையா? மணங்கள் நடைபெறவில்லையா? எல்லாம் நடந்தன. அவற்றை நடத்தியவர் எவர் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

கும்பினிக் குருவும் கடல்வழிக் காலமும்

குடியேற்றக் காலத்துத் திருச்சபையில் குருவை அமர்த்தும் முறையை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும். கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஊதியம் பெற்ற குரு, கும்பினியின் அலுவலருக்கும் படையினருக்கும் உரியவர். படை எங்குச் செல்கிறதோ அங்கு அவரும் செல்வார். நோய் கண்டால் விடுப்பு. பணிக்காலம் முடிந்தால் தாயகப் பயணம். மேலிடம் விரும்பினால் இடமாற்றம். மறைப்பணிச் சங்கங்கள் அனுப்பிய ஐயர்மார் இவ்வாறு கட்டுண்டவர் அல்லர் எனினும், அவர்களுக்கும் இலண்டனிலோ கோப்பன்கேகனிலோ ஹாலேயிலோ இருந்துதான் ஆணை வரவேண்டும்.

சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல். அதற்கு முன் பாய்க்கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வர ஐந்தாறு திங்கள் ஆகும். இங்கே ஒரு குரு இறந்தார் எனும் செய்தி அங்குச் சேர அரையாண்டு. மாற்றுக் குரு ஒருவர் இசைந்து, புறப்பட்டு, வந்து சேர மேலும் அரையாண்டு. இது எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகும் காலம். வந்தவர் தமிழ் கற்றுப் பேசத் தொடங்க ஆகும் காலம் இதில் அடங்காது.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 1814இல் கல்கத்தாவில் முதல் ஆங்கிலிக்கப் பேராயர் பதவியேற்றார். சென்னைக்கெனத் தனிப் பேராயர் 1835இல்தான் வந்தார். அதுவரையில் தமிழகத்துக்கும் பினாங்குத் தீவுக்கும் கல்கத்தாப் பேராயரே தலைவர். 1819இல் பினாங்கின் புனித ஜார்ஜ் ஆலயத்தை நேர்ந்தளித்தவரும் கல்கத்தாவிலிருந்து வந்த பேராயர் மிடில்டனே. அவர் 1822 ஜூலையில் இறந்தார். அடுத்தவராகிய ஹீபர் 1823 அக்டோபரில் வந்து, 1826 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியில் மறைந்தார். ஜேம்ஸ் 1828 ஜனவரியில் வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் கடற்பயணத்தின்போது இறந்தார். டர்னர் 1829 டிசம்பரில் வந்து 1831 ஜூலையில் மறைந்தார். டேனியல் வில்சன் வந்து சேர்ந்தது 1832 நவம்பரில். ஏறத்தாழப் பத்தாண்டு நான்கு திங்களில், பேராயர் ஒருவர் பொறுப்பில் இருந்த காலம் ஐந்தாண்டுக்கும் குறைவு! பேராயர் இல்லையேல் ஆங்கிலிக்க முறையில் குருப்பட்டம் இல்லை. குருப்பட்டம் இல்லையேல் திருவிருந்து இல்லை. தலைமைப் பீடத்தின் நிலையே இதுவாயின், தேரிக்காட்டுச் சிற்றூர்ச் சபையின் நிலை சொல்ல வேண்டுவதின்று.

தடைகளின் நடுவே

கடலும் காய்ச்சலும் மட்டுமே குருவை அகற்றின என்று எண்ணுதல் கூடாது. அரசியலும் அகற்றியது. 1658இல் யாழ்ப்பாணம் போர்த்துகீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியபோது, கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டனர். அவர்தம் வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தடைந்தது 1687இல். இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகள் ஒரு தலைமுறைக் காலம். அத்தலைமுறையின் நினைவில் வேண்டுதலும் செபமும் அழியாமல் இருந்தன என்றால், அவற்றைக் காத்தோர் இல்லங்களில் இருந்த தாய்மாரும் ஊர்களில் இருந்த மூப்பருமே ஆவர். வாஸ் அடிகளார் 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் வரும்வரை விளக்கை அணையாமல் காத்தவர்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை.

வென்ற ஒல்லாந்தருக்கும் இதே இடர்ப்பாடு நேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்தேயு ஐயர் 1672இல் வெளியிட்ட நூல் அக்காலத்து நிலையை நமக்குக் காட்டுகிறது. கோயிற்பற்றுகள் பல, போதகர் மிகச் சிலர். ஆகவே ஒவ்வொரு கோயிற்பற்றிலும் பள்ளியும் ஆலயமும் ஒன்றாயின. ஞாயிறன்று எழுதி வைத்த மறையுரையைப் படித்தவர் பள்ளி ஆசிரியர். பிறப்பு, மணம் முதலியவற்றைத் தோம்பில் பதிந்தவரும் அவரே. குரு இல்லாத நாட்டில் குருவின் பணியைத் தமிழாசிரியர் செய்தார் என்பது, ஆசிரியராகிய நம்மனோர் மறத்தற்கரிய செய்தியன்றோ?

தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரின் வழியினர் வேறொரு தடையைக் கண்டனர். தஞ்சை மன்னரின் நாட்டிற்குள் ஐரோப்பியர் விருப்பம்போல் செல்ல இயலவில்லை. உள்நாட்டுச் சபைகளோ வளர்ந்துகொண்டிருந்தன. இதன் விளைவாகவே 1733 டிசம்பர் 28ஆம் நாள், கடலூரில் ஆறுமுகம் எனப் பிறந்து ஆரோன் எனத் திருமுழுக்குப் பெற்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் சீர்திருத்தத் திருச்சபைக் குரு அவரே. தமிழர் குருவானது ஐரோப்பியர் தாமே முன்வந்து அளித்த கொடையால் அன்று. ஐரோப்பியர் செல்ல முடியாத இடம் ஒன்று இருந்தமையால் என்பது ஈண்டு நினையத்தக்கது.

நெல்லைச் சீமையின் பதினேழு ஆண்டுகள்

நம் வினாவுக்கு மிகத் தெளிவான விடை தருவது நெல்லைச் சீமையின் வரலாறு. 1778இல் சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற கிளாரிந்தா அம்மையார் பாளையங்கோட்டையில் ஒரு சபையை உருவாக்கினார். 1785இல் அங்கு ஆலயம் எழுந்தது. அதனைப் பேணத் தஞ்சையிலிருந்து அனுப்பப்பட்டவர் சத்தியநாதன் என்னும் உபதேசியார். ஐந்தாண்டு அவர் உழைத்த பின்னரே, 1790 டிசம்பர் 26ஆம் நாள் தஞ்சையில் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். அன்று அவர் தமிழில் ஆற்றிய மறையுரை ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, இலண்டன் வரை சென்று அச்சேறியது.

பின்னர் வந்த ஜெனிக்கே ஐயர் மலைக்காய்ச்சலால் நலிந்து 1800இல் மறைந்தார். சுவார்ட்சு ஐயர் அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1798இல் காலமாகியிருந்தார். 1802இல் கெரிக்கே ஐயர் நெல்லைச் சீமையில் சுற்றுப்பயணம் செய்தபோது ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். மறு ஆண்டே, 1803இல், அவரும் மறைந்தார். ஆறாண்டுக்குள் மூவர் போயினர். மந்தையோ பன்மடங்கு பெருகியிருந்தது!

அதன் பின்னர், இச்சீமைக்கென்றே ஒரு மறைப்பணியாளராக ரேனியுஸ் ஐயர் பாளையங்கோட்டையில் கால் வைத்தது 1820இல். இடையே பதினேழு ஆண்டுகள். இக்காலத்தில் ரிங்கல்தௌபே ஐயர் சில ஆண்டுகள் நெல்லைச் சபைகளைப் பார்த்துக்கொண்டார் எனினும், தென் திருவிதாங்கூர்ப் பணியும் அவர் தோளிலேயே இருந்தது. 1816இல் பாளையங்கோட்டைப் படைக்குருவாக வந்த ஜேம்ஸ் ஹப், சுற்றுவட்டத்தில் ஆயிரக்கணக்கான தமிழ்க் கிறித்தவர் இருப்பதையும், அவர்களிடையே வழிபாடு நடந்துகொண்டிருப்பதையும் கண்டார். நூல்கள் இன்மையையும் பள்ளிகளின் வறுமையையும் கண்டு, வெளியே உதவி வேண்டி எழுதினார். ரேனியுஸ் வந்தது அம்முயற்சியின் பயனே.

ஹப் கண்டது இறந்துபோன சபையை அன்று, உயிரோடிருந்த சபையை. அதனை உயிரோடு வைத்திருந்தவர் யாவர்? 1799இல் முதலூர் என்னும் கிறித்தவக் குடியிருப்பை உருவாக்கிய தாவீது சுந்தரானந்தம் போன்ற உபதேசிமார். தஞ்சையில் 1811இல் குருப்பட்டம் பெற்ற நால்வருள் ஒருவராகிய ஆபிரகாம் போன்ற நாட்டுக் குருமார். பெயரறியாச் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். அந்த 1811ஆம் ஆண்டுப் பட்டமளிப்பும் நெருக்கடியின் பிள்ளையே. ஐரோப்பாவிலிருந்து புதிய ஐயர்மார் வரவில்லை, இருந்தவர் முதுமையுற்றனர். ஆகவே தஞ்சையிலிருந்த கோலாப் ஐயர், நெடுநாள் உழைத்துத் தேர்ந்த உபதேசிமார் நால்வரைக் குருமாராக்கினார்.

மயிலாடியில் ஓர் அங்கி

இதே காலத்தில் தென் திருவிதாங்கூரில் நடந்தது உள்ளத்தை உருக்குவதாகும். மயிலாடியைச் சேர்ந்த மகராசன், தஞ்சைக்குச் சென்று கிறித்தவராகி, வேதமாணிக்கம் என்னும் பெயர் பெற்றார். ரிங்கல்தௌபே ஐயரைத் தம் ஊருக்கு அழைத்தவரே அவர். 1816இன் தொடக்கத்தில் உடல்நலம் குன்றிய ஐயர் ஊரை விட்டுச் செல்ல நேர்ந்தது. அவருக்கு மாற்றாள் எவரும் வந்திலர். தம் அங்கியை வேதமாணிக்கத்திற்கு அணிவித்து, அடுத்தவர் வரும்வரை சபையை அவரிடம் ஒப்படைத்துச் சென்றார் என்பர்.

அடுத்தவராகிய சார்லஸ் மீட் 1816இல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார். வரும் வழியில் மனைவியை இழந்தார். மயிலாடியை அடைந்தது 1818இல். இரண்டாண்டுக் காலம் வேதமாணிக்கமே சபையை நடத்தினார். மீட் வந்ததும் பொறுப்பு மீண்டும் ஐரோப்பியர் கைக்குச் சென்றது. தலைமைப் பணியை இரண்டாண்டு செம்மையாக ஆற்றியவர், மூன்றாம் ஆண்டில் மீண்டும் துணைவர் ஆனார்.

தோட்டத்தில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இது புதிதன்று. பெரிய துரை சீமைக்கு விடுப்பில் சென்றால் ‘ஆக்டிங்’ துரை வருவார். ஆனால் அந்த ‘ஆக்டிங்’ துரையும் வெள்ளையரே. தோட்டத்தின் ஒவ்வொரு நிரையையும் அறிந்த கிராணியாரோ கங்காணியாரோ அந்நாற்காலியில் அமர்ந்ததில்லை. மயிலாடியில் ஒரு தமிழர் அமர்ந்தார். ஆயினும் அந்நாற்காலி அவருடையதாகவில்லை.

தயக்கத்தின் காரணங்கள்

இத்துணைத் திறம் உடையோரை நிலையான பொறுப்பில் அமர்த்தத் தயங்கியது ஏன்? நிற வேற்றுமை ஒன்றே காரணம் எனக் கூறி முடித்துவிடுதல் எளிது. உண்மை அதனினும் சிக்கலானது.

முதற் காரணம், பட்டத்தின் முறைமை. தரங்கம்பாடி, தஞ்சை வழியினர் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் அளித்தனர். ஆனால் அவர்களுட் பலரைத் தாங்கிய பணம் ஆங்கிலச் சங்கத்தினுடையது. கல்கத்தாவில் பேராயர் வந்த பின்னர், பேராயர் கை வைத்து அளித்த பட்டமே பட்டம் என்னும் கொள்கை வலுப்பெற்றது. ரேனியுஸ் ஐயர் தம் உபதேசிமாருக்கு லுத்தரன் முறையில் பட்டம் அளிக்க விரும்பினார்; சங்கம் மறுத்தது. கருத்து வேறுபாடு முற்றி, 1835இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவரோடு ஒரு பகுதிச் சபைகள் பிரிந்தன. 1838இல் அவர் இறக்கும்வரை நெல்லைச் சபை இரண்டுபட்டு நின்றது. உபதேசியாரைக் குருவாக்கும் உரிமை எவர்க்கு என்னும் வினா, ஒரு திருச்சபையையே பிளக்கும் அளவுக்குப் பெரிதாயிருந்தது!

இரண்டாம் காரணம், நம் பக்கத்தது. சாதி வேற்றுமை சபைக்குள்ளும் நுழைந்திருந்தது. ஒரு சாதியார் குருவானால் மற்றொரு சாதியார் அவர் கையால் திருவிருந்து கொள்வாரா என்னும் ஐயம் ஐரோப்பியர்க்கு இருந்தது. அவ்வையத்தை முற்றும் பொய்யென நம்மால் மறுக்க இயலாது. இதனை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது.

மூன்றாம் காரணம், நம்பிக்கையின்மை. இடைக்காலத்தில் தகுதி உடையவராகத் தோன்றிய ஒருவர், கப்பல் வந்தவுடன் தகுதி குறைந்தவராகத் தோன்றியது வேறெவ்வாறு விளங்கும்? எனினும் கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. தரங்கம்பாடி வழிவந்த தமிழர் கிறிஸ்தியன் டேவிட், 1824இல் பேராயர் ஹீபரிடம் குருப்பட்டம் பெற்று இலங்கையில் பணியாற்றினார். ஜான் தேவசகாயம் 1830இல் பேராயர் டர்னரால் திருப்பணியாளராக்கப்பட்டார். நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா, 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயர் ஆனார். ஆரோன் குருவானதற்கும் அசரியா பேராயரானதற்கும் இடையே 179 ஆண்டுகள் கழிந்தன.

மலாயாவில்

நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் கண்ட அதே நாடகம், கடல் கடந்து வந்த தமிழரோடு மலாயாவுக்கும் வந்தது. 1887இல் தைப்பிங் ஆலயத்தை நேர்ந்தளித்த பேராயர் ஹோஸ், சிங்கப்பூர், லபுவான், சரவாக் அனைத்திற்கும் ஒருவராகப் பொறுப்பேற்றிருந்தவர். ஒரு கரையில் அவர் இருந்தால் மறு கரையில் பேராயர் இல்லை. குருமார் நிலையும் அதுவே. ஆங்கிலேயர் கூடும் நகர் ஆலயத்திற்கே முதலிடம். தோட்டத்துத் தமிழருக்குக் குரு எப்போதோ ஒருமுறை வருபவர். இடைப்பட்ட ஞாயிறுகள் உபதேசியாருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் உரியவை.

பதவி உயர்வும் ஒருவகைப் பிரிவே. பேராக்கின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கெனக் குடியேற்றம் அமைத்துப் பாடுபட்ட பிரெஞ்சு மறைபரப்பாளர் ரெனே பே அடிகளார், 1896இல் மலாக்கா ஆயராக உயர்த்தப்பட்டார். மறைமாவட்டத்திற்கு அது ஆதாயம். அவரிடம் நாள்தோறும் பேசிப் பழகிய குடியேற்றத்து உழவருக்கு இழப்பு.

போர்க்காலம் இவ்வரலாற்றை விரைவுபடுத்தியது. 1914இல் மூண்ட முதல் உலகப் போரில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட தமிழகத்தில் இருந்த ஜெர்மானிய லுத்தரன் ஐயர்மார் பகைநாட்டவர் எனச் சிறைப்பட்டும் வெளியேற்றப்பட்டும் அகன்றனர். அந்த வெறுமையிலிருந்து 1919 ஜனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை எழுந்தது. ஆயினும் 1921இல் அதன் முதல் பேராயரானவர் சுவீடன் நாட்டவர். தமிழராகிய மாணிக்கம் அப்பதவியை அடைந்தது 1956இல். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நிற்கும் சீயோன் ஆலயம் அத்திருச்சபையின் மலாயா விழுதாகும்.

இரண்டாம் உலகப் போர் இன்னும் கூர்மையான சான்றைத் தந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்தது. பேராயர் லெனார்டு வில்சன் ஓராண்டு வெளியில் பணியாற்ற விடப்பட்டு, 1943 மார்ச்சில் சாங்கிச் சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆங்கிலக் குருமார் கம்பி வேலிக்குள், திருச்சபை வெளியே. அவ்வேளையில் பொறுப்பேற்று நடத்தியோர் ஜான் ஹேண்டி, டி. டி. செல்லையா என்னும் இருவர். செல்லையா புனித ஆண்ட்ரூ பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கையை ஆராய்ந்து நூல் எழுதிய கல்வியாளர். இங்கும் வெற்றிடத்தை நிரப்பியோருள் ஒருவர் ஆசிரியரே!

போருக்குப் பின் பழைய நிலை முழுதும் மீளவில்லை, மீளவும் இயலவில்லை. ஆசியர் நடத்திக் காட்டிய மூன்றாண்டுகளை மறந்துவிட எவராலும் முடியவில்லை. 1970இல் மேற்கு மலேசிய ஆங்கிலிக்க மறைமாவட்டம் உருவானது. 1973இல் ஜான் குருபாதம் சவரிமுத்து அதன் இரண்டாம் பேராயராகி, 1994 வரை அப்பொறுப்பில் இருந்தார். இடைக்காலத்து மாற்றாளாக அன்றி, உரிமையுடைய தலைவராக ஒரு தமிழர் அப்பீடத்தில் அமர்ந்தார்.

நாம் செய்ய வேண்டுவது

இக்கதை ஒரு சமயத்தாரின் கதை மட்டுமன்று. பள்ளி, தொழிற்சங்கம், தோட்ட நிருவாகம் எனக் குடியேற்றக் காலத்து அமைப்பு எதனை எடுத்துக்கொண்டாலும், பதவிப் பெயர் ஒருவர்க்கும் பணி மற்றொருவர்க்கும் உரியதாக இருந்த காலங்கள் உண்டு. பதவிப் பட்டியலை மட்டும் கொண்டு வரலாறு எழுதினால், பணி செய்தவர் மறைந்துபோவர்.

பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டம் கலையும்போது கோயிலும் சிற்றாலயமும் பள்ளியும் கலைகின்றன. அவற்றோடு பழைய பதிவேடுகளும் கலைகின்றன. திருமுழுக்குப் பதிவேடு ஒன்று நம் கைக்குக் கிடைத்தால், அதில் கையொப்பமிட்ட குருவின் பெயரை மட்டும் படித்து மூடிவிடுதல் கூடாது. அந்த வரிகளை எழுதிய கை யாருடையது? குருவின் கையொப்பம் இல்லாத திங்களில் பதிவு எவ்வாறு தொடர்ந்தது? தமிழில் எழுதப்பட்ட பெயரை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் எவர்? இவ்வினாக்களை ஆசிரியர் மாணவர்க்குக் கற்பித்தால், ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் வரலாற்றாசிரியர் ஆகலாம். தோட்டத்தில் உபதேசியாராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருந்தவரின் மக்களும் பேரரும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் நினைவுகளை எழுதிக்கொள்ளும் காலம் குறுகியது.

கப்பல் வந்தது, ஐயர் இறங்கினார், பலகையில் அவர் பெயர் ஏறியது. அவர் வரும்வரை வாயிலில் விளக்கேற்றிக் காத்திருந்தவரின் பெயர் ஏறவில்லை. ஆரோன், சத்தியநாதன், வேதமாணிக்கம், செல்லையா ஆகியோரின் பெயர்களையேனும் நாம் அறிவோம். அறியாத பெயர்கள் அவற்றினும் பல. அப்பெயர்களைத் தேடி, இரண்டு ஆண்டுகளுக்கு இடையிலுள்ள அந்த வெற்றிடத்தில் எழுதுவது தமிழ் கற்றோரின் கடமையாகும்.